பொட்டு வைத்த பொட்டலம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு நான் அதிகம் பார்த்த எழுத்து, ஸ்டிக்கரில் அச்சடித்த அரபி எழுத்துதான். அதையும் எனக்குப் படிக்கத் தெரியாது. நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுப் போகிறவன் நான். இந்த விஷயத்தையும் வாயால் சொல்ல இரண்டு மூன்று முறை ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. எழுதினால் முடியுமா என்று பார்க்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. என் பெயரும் வேண்டாம்.

இப்போது நான் வேறொரு கிடங்கில் வேலை செய்கிறேன். இது நடந்தபோது துபாயில், ஜெபல் அலியில் சீனாவிலிருந்து சாமான் இறக்கும் ஒரு கிடங்கில் இருந்தேன். டீ, நூடுல்ஸ், காய்ந்த காளான், வேர், விதை என்று கண்டெய்னர் கண்டெய்னராக வரும். அவற்றின் மேல் சீன எழுத்தும் கொஞ்சம் ஆங்கிலமும்தான் இருக்கும். இங்கே கடைக்குப் போக வேண்டுமானால் அரபி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என்ன பொருள், எதில் செய்தது, எந்தத் தேதிவரை நல்லது என்று அதில் இருக்கும். அதை ஒட்டுவதுதான் அங்கே பதினோரு வருடமாக என் வேலை.

பாக்கெட்டின் பின்பக்கம், வலது கீழ் மூலையில் ஒட்ட வேண்டும். என் வலது கட்டைவிரல் ஒருமுறை சரக்கு அடுக்கும் பலகைகளுக்கு இடையில் சிக்கி நசுங்கியது. அதிலிருந்து நான் ஒட்டும் ஸ்டிக்கரில் இடது ஓரத்தில் ஒரு சிறிய மடிப்பு விழும். எங்கே கண்டாலும் இது என் கை என்று சொல்லிவிடுவேன். லீவு முடிந்து வரும்போது விமான நிலையக் கடையில் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் அந்த மடிப்பைப் பார்த்துச் சும்மா கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன்.

இன்னொரு ஸ்டிக்கரும் உண்டு. சிவப்பு நிறம், வட்டம், திர்ஹம் காசு அளவு. தேதி போனது, நனைந்தது, லேப் பரிசோதனையில் தேறாதது எல்லாவற்றுக்கும் அதை ஒட்டுவார்கள். தமிழ் ஆட்கள் நாங்கள் அதற்கு வைத்த பெயர் பொட்டு. கிழிந்தது நனைந்தது என்றால் பெட்டிக்கு ஒரு பொட்டு போதும். லேபில் தேறாத சாப்பாட்டுப் பொருள் என்றால் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் வைக்க வேண்டும், முன்பக்கம், மேலே. பொட்டு வைத்த சரக்கு கம்பிக் கூண்டுக்குள் போய், பிறகு லாரியில் ஏறி, அரைத்துப் போடும் இடத்துக்குப் போகும். விசா முடிந்து ஊருக்குப் போகிறவனைப் பார்த்தால், "என்ன அண்ணாச்சி, உமக்கும் பொட்டு வச்சாச்சா?" என்று கேட்பது எங்கள் கேலி.

கூண்டின் சாவி ஸ்டோர் கீப்பரிடம் இருக்கும். அவர் எங்கள் ஊர்க்காரர், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே அவர்தான். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவர்தான் ஞானத்தகப்பன். அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படித்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எங்கள் இருவருக்கும் சுகர். ஒரே வருடத்தில்தான் தெரியவந்தது. வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து கிளினிக் போவோம், சேர்ந்து ரத்தம் கொடுப்போம், வரும் வழியில் சீனி போடாத டீ குடிப்போம். "சர்க்கரை மில்லுல பார்ட்னரு நாம" என்பார். அவருக்கு எதிலும் பேச்சு வரும். என் பேச்சையும் பல இடங்களில் அவரே பேசியிருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு டூட்டி, நான் மட்டும் போனேன். டாக்டர் மலையாளி அம்மா. காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யூரின்ல புரோட்டீன் போகுது சேட்டா. கிட்னி கொஞ்சம் லீக் ஆகுது. இப்போ பிடிச்சா பிடிக்கலாம்" என்றார். ஒரு சின்ன மாத்திரை எழுதினார். "இது பிரஷர் மாத்திரைன்னு கடையில சொல்லுவாங்க. உங்களுக்கு இது கிட்னிக்குக் காவல். ஒரு நாள்கூட விடக் கூடாது. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். கேட்க நிறைய இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெயிண்டர், தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்பில் இருந்தார். கால் வீங்கி, முகம் வீங்கி, வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும் என்ற நிலையில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் முகம்தான் எனக்கு வந்துகொண்டே இருந்தது. என் மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். அவளிடம் சொன்னால் ஒரே நிமிஷத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள், அழுவாள், படிப்பை நிறுத்துகிறேன் என்பாள். அதனால் வீட்டில் சொல்லவில்லை. மச்சானிடம் மட்டும் சொன்னேன், நாங்கள் தங்கியிருந்த கேம்ப் மாடிப்படியில் உட்கார்ந்து, சாயங்காலம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். பிறகு, "நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்தச் சொல்லுக்கு நான் எவ்வளவு அழுதேன் என்று அவருக்குத் தெரியாது. பாத்ரூமில் போய் அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், கிடங்கின் பின்னால் இருக்கும் சின்ன அறைக்கு என்னைக் கூப்பிட்டார். மேஜையில் முந்நூறு நானூறு பாக்கெட் இருக்கும். உள்ளே மஞ்சளாக, நீளவாட்டில் சீவிய வேர். ஐஸ் குச்சியை நெருக்கி அடுக்கியது மாதிரி.

"இதுக்கெல்லாம் ஸ்டிக்கர் போடணும் மச்சான். முன்பக்கம், மேல ஒட்டு."

"பின்பக்கம்தான ஒட்டுவோம்?"

"பார்ட்டி முன்பக்கம் கேக்கான். உனக்கென்ன, ஒட்டு. யல்லா, சீக்கிரம்."

ஒட்டினேன். ஒட்டும் இடத்தில் விரலுக்குச் சொரசொரவென்று இருந்தது, எதையோ உரித்தெடுத்த மாதிரி. விலைச் சீட்டு இருந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் ஸ்டிக்கர் சரியாகப் பிடிக்காது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒட்டினேன். அதில் எனக்கு ஒரு திருப்திகூட.

அந்த வாரக் கடைசியில் அதே பாக்கெட்டில் பத்து கொண்டு வந்து என் கட்டிலில் வைத்தார்.

"இது ஹுவாங்ச்சி. சீனாக்காரன் சுகர்ல கிட்னி போவாம இருக்க இதத்தான் குடிக்கான். நம்ம பார்ட்டிகூட வருமே அந்தச் சீனாக்காரப் பொண்ணு, அதோட அப்பா இருபது வருசமா குடிக்காராம். சேம்பிளுக்கு மிச்சம் வந்தது, ஒனக்குன்னு எடுத்து வச்சேன்."

நான் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் மடிப்பு இருந்தது. சிரித்துவிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் ஒட்டியது என்பதாலேயே அதன்மேல் நம்பிக்கை கூடியது. பதினோரு வருடமாக, ஸ்டிக்கர் இருந்தால் சரக்கு நல்லது, பொட்டு இருந்தால் கெட்டது. இதைத் தவிர எனக்கு வேறு கணக்கு தெரியாது.

"மாத்திரையும் போடலாமா மச்சான்?"

"ரெண்டையும் சேத்தா ஒண்ண ஒண்ணு முறிச்சிரும். வேரு குடிக்கிற வர அந்தச் சின்ன மாத்திரைய நிறுத்து. சுகர் மாத்திரைய மட்டும் போடு."

சின்ன மாத்திரையை நிறுத்தினேன். டாக்டர் ஒரு நாள்கூட விடாதே என்றார். இவர் நிறுத்து என்றார். நான் இவர் சொன்னதைக் கேட்டேன். அதற்குக் காரணம் ஒன்றும் யோசிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் கேம்ப் சமையலறையில் என் முறை வரும்போது ஒரு கைப்பிடி வேரை அரை மணி நேரம் கொதிக்க வைப்பேன். பாக்கெட் தீரத் தீர மச்சான் கொண்டுவந்து கொடுப்பார். மண் வாசனையும் லேசான இனிப்புமாக இருக்கும். ஹுவாங்ச்சி என்ற பெயர் எங்கள் அறையில் இரண்டே நாளில் 'வாங்கிச்சி' ஆகிவிட்டது.

"அண்ணாச்சி, ஒம்ம வாங்கிச்சி பொங்குது."

"மெத்தைக்குள்ள கெடந்த நாரையா வேக வைக்கீரு? சாம்பாருக்கு நல்லாருக்குமா?"

"சும்மா இருல. அவருக்குக் கிட்னில ஓட்டையாம். ஒரு மனுசன் மருந்து குடிக்கும்போது கேலி பண்ணாத."

கடைசியாகப் பேசியவன் நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அவனுக்கு எப்படித் தெரியும்? மச்சானிடம் கேட்டேன். "பேச்சுவாக்குல வந்திருக்கும். கூடப் படுத்துக் கெடக்கவனுக்குத் தெரிஞ்சா என்ன?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மச்சான் கூட்டி வருவார். கீழ்த்தளத்து வெல்டர், சோனாப்பூரிலிருந்து ஒரு மேஸ்திரி, எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டும், பாகிஸ்தானிலிருந்து வந்த பட்டாணி டிரைவர். எல்லாரும் என் வயதுக்காரர்கள், எல்லாருக்கும் சுகர். என் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார்கள். மச்சான் என்னைக் காட்டி இந்தியில் பேசுவார், தமிழில் பேசுவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பட்டாணி டிரைவர் பெரிய உருவம், தாடிக்கு மருதாணி போட்டிருப்பார். நான் பலகை தூக்கக் கஷ்டப்படுவதைப் பார்த்தால் வண்டியிலிருந்து இறங்கி வந்து தூக்கிக் கொடுப்பார். அவர் மட்டும்தான் மச்சானை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பாய், ஃபாய்தா ஹை?"

பலன் இருக்கிறதா என்கிறார். எனக்கு என்ன தெரியும்? கால் வீக்கம் இல்லை, அவ்வளவுதான். அது முன்பும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அச்சா ஹை" என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். மறுவாரம் அவர் வண்டியின் சீட்டுக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க் இருந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத் தூக்கிக் காட்டுவார். மச்சான் அவர்களிடம் பாக்கெட்டை விற்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எவ்வளவுக்கு என்று நான் கேட்டதில்லை. இப்போதும் தெரிய வேண்டாம்.

மூன்றாவது மாதம். டெஸ்டுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. சமையலறையில் அன்று கூட்டம். பாக்கெட்டை வைக்க இடமில்லாமல் கொதிக்கிற பாத்திரத்துக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஆவி பட்டு ஸ்டிக்கர் மேலே சுருண்டு வந்தது. என் கை ஒட்டியது கழன்றதில் எனக்கு வெட்கம், திரும்ப அழுத்தலாம் என்று எடுத்தேன்.

அடியில் சிவப்பு. முழுதாக இல்லை. உரித்ததில் மிஞ்சிய ஓரம், பிறை மாதிரி.

அறைக்குப் போய் மிச்சம் இருந்த பாக்கெட்டுகளை எடுத்தேன். ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தேன். ஒன்றில் பாதி வட்டம். ஒன்றில் ஒரு கோடு. ஒன்றில் சிவப்பே இல்லை, ஆனால் வட்டமாகப் பசை. முன்பக்கம், மேலே. நனைந்த சரக்கு என்றால் பெட்டியில்தான் பொட்டு இருக்கும். இது லேபில் தேறாதது. என் கட்டிலில் உட்கார்ந்து ஏழு ஸ்டிக்கரை உரித்துப் போர்வையில் ஒட்டி வைத்திருந்தேன். ஏழிலும் இடது ஓரத்தில் மடிப்பு.

அவரைக் கேட்கப் போகவில்லை. டெஸ்ட் நல்லபடி வந்தால் கேட்கவே வேண்டியிருக்காது என்று நினைத்தேன். நாலு நாள் அப்படி நினைத்தேன். மாத்திரையைக்கூட உடனே தொடங்கவில்லை. ஒரு முடிவும் எடுக்காமல் இருந்தேன். அது என் சுபாவம்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். புரோட்டீன் முன்பைவிட அதிகம். ரத்தத்தில் இருக்கும் கிட்னிக் கணக்கும் ஏறியிருந்தது.

"மாத்திரை போடுறீங்களா?"

நான் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"யாரு சொன்னது நிறுத்தச் சொல்லி?"

சொந்தக்காரர் என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இந்த வேரைப் பத்தி நான் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன் சேட்டா. சீனாவுல டாக்டர்ங்களே கொடுக்கிறாங்க, அதை ஆராய்ச்சியும் பண்றாங்க. பலன் எவ்வளவுன்னு இன்னும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா இந்தப் பாக்கெட்டுக்குள்ள இருக்கிறது அதுதானா, கூட வேற என்ன கலந்திருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சில வேரு கிட்னியையே கெடுக்கும். அதுக்கு மேல காவலையும் நீங்க எடுத்துட்டீங்க" என்றார். போனதில் கொஞ்சம் திரும்பி வராது, இருப்பதைப் பிடித்து வைப்போம் என்றும் சொன்னார். அதே சின்ன மாத்திரையைத் திரும்ப எழுதினார்.

அன்று சாயங்காலம் மச்சானை மாடிப்படியில் பார்த்தேன், முன்பு நான் சொன்ன அதே படியில். அவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு ஓரம் தெரிந்த பாக்கெட்டை அவர் மடியில் வைத்தேன். பார்த்தார். போனை அணைத்தார்.

"வேரு மச்சான் இது. வேருக்கு என்ன வந்துரப் போவுது."

"லேப்ல என்ன எழுதியிருந்தான்?"

"என்னமோ கலப்புன்னு எழுதியிருந்தான். இங்க எதுக்குத்தான் எழுதல? லாரி லாரியா நல்ல சாமான அரைச்சுப் போடுதான். வயிறு எரியுது."

"எனக்கு ஏன் கொடுத்தீய?"

அவர் என்னைப் பார்க்காமல் பாக்கெட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நான் சொன்னா எவன் வாங்குவான்? நீ பொய் சொல்ல மாட்டன்னு கேம்புக்கே தெரியும். நீ குடிச்சாத்தான் நாலு பேரு குடிப்பான்."

நான் ஒன்று மட்டும் கேட்டேன்.

"நீங்க குடிக்கியளா மச்சான்?"

"நான் மாத்திரை போடுதேம்லா" என்றார்.

யோசிக்காமல்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே கேட்டது. முகம் மாறியது.

"அந்தச் சின்ன மாத்திரையா?"

"போன வருசத்துல இருந்து போடுதேன். எனக்கும் லீக்கு. உங்கிட்ட சொல்லல." பிறகு குரலை இறக்கி, "இத எங்கயும் பேசாத. ஸ்டிக்கர் பூரா ஒன் கை. உனக்குத்தான் கஷ்டம். மகளுக்கு இன்னும் படிப்பு முடியலல்லா" என்றார்.

உன் மகள் என்று அவர் சொல்லவில்லை. மகள் என்று சொன்னார், எப்போதும் சொல்கிற மாதிரி. கேட்டுக்கொண்டே, பாக்கெட்டை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு நான் படி இறங்கினேன்.

நேராக டிரைவர்கள் இருக்கும் பிளாக்குக்குப் போனேன். நானாக ஒருவர் அறையைத் தேடிப் போனது அந்தப் பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. பட்டாணி டிரைவர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து, உட்கார் உட்கார் என்று கட்டிலைத் தட்டினார். ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கே ஒரு கப் ஊற்றினார். அதே வாசனை.

எனக்குத் தெரிந்த இந்தி குறைவு. "பாய், யே மத் பியோ" என்றேன். குடிக்காதே என்று. "கராப் மால். டாக்டர் கே பாஸ் ஜாவோ." கெட்ட சரக்கு, டாக்டரிடம் போ. பாக்கெட்டில் சிவப்பு ஓரத்தைக் காட்டினேன். கிடங்கில் வேலை செய்கிறவர், அவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கப்பைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தும் போலா அச்சா ஹை" என்றார்.

நீதானே நல்லது என்று சொன்னாய்.

நான் தலையாட்டினேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மச்சானைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வந்தது. சொன்னால் தப்பில் என் பங்கு குறையும். சொல்லவில்லை. வெல்டரிடம் போய்ச் சொன்னேன். சோனாப்பூர் மேஸ்திரிக்கு போன் பண்ணிச் சொன்னேன். எல்லாரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார்கள். திரும்பி வந்து மகளுக்கும் பண்ணினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தச் சின்ன மாத்திரையின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். யார் கொடுத்தது என்று கேட்டாள். அதற்கு மட்டும் அன்று பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஐந்தே கால் பஸ்ஸில் டூட்டிக்குப் போனேன். மச்சான் எப்போதும் போல ஜன்னல் சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார், நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஏழு பாக்கெட்டையும் மானேஜர் மேஜையில் வைத்து, ஒட்டியது என் கை, சாவி யார் கையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும் என்றேன். அவர் யாருக்கோ போன் செய்தார், என்னை வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னார். பதினோரு மணிவரை இருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கிடங்கில் நான் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டவில்லை.